டிவிடி டிரைவ் மேல் பழி போடாதீங்க!

திருச்செங்கோடு பக்கம் ஒரு வீடு. வாசலில் போர்வெல் வண்டியின் தேய்ந்த பிட்டுகள் கிடக்கின்றன. முன்னறையில் 2013-ல் வாங்கிய கம்ப்யூட்டர். பக்கத்தில் அதைவிட வயதான டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர். அப்பா ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருக்கிறார். எத்தனை அடி ஓட்டினார்கள், எவ்வளவு டீசல் போட்டார்கள், யார் எவ்வளவு முன்பணம் வாங்கினார்கள் என்று அவர் போனில் சொல்லச் சொல்ல, மூத்த மகள் அதையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார். தீபாவளிக்கு வண்டி ஊர் திரும்பியதும் ஆட்களுக்குக் கணக்கு முடித்துக் கொடுத்தாக வேண்டும்.

தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது கம்ப்யூட்டரில் விண்டோஸ் எழவில்லை.

கணக்கு சாஃப்ட்வேர் பழசு. விண்டோஸ் 7-ல்தான் ஓடும். அதனால் அதையே திரும்பப் போட்டுவிடலாம் என்று, சேலத்தில் இன்ஜினீயரிங் படிக்கும் தம்பி சனிக்கிழமை வந்து சேர்ந்தான். நண்பனின் லேப்டாப்பில் அவசரமாக எழுதிய டிவிடி ஒன்று கையில். தட்டைத் திறந்து போட்டான். 'ஃபைல்கள் ஏறுகின்றன' என்று கோடு ஓடியது. விண்டோஸ் படம் மலர்ந்தது. மொழி கேட்டது. 'இன்ஸ்டால்' பட்டனை அழுத்தினான். அப்போது வந்தது அந்தப் பெட்டி: தேவையான சிடி அல்லது டிவிடி டிரைவின் டிரைவர் இல்லை, ஃபிளாப்பியிலோ பென்டிரைவிலோ இருந்தால் போடவும்.

இப்போதுதான் அந்த டிவிடியிலிருந்து படமே வந்தது. அதற்குள் டிவிடி டிரைவைக் காணோம் என்கிறது!

கடைக்கு போன் போட்டான். "அண்ணா, டிரைவர் இல்லைன்னு சொல்லுதுங்க." "டிரைவ் போயிருக்கும் தம்பி, புதுசு மாட்டிப் பாருங்க" என்று பதில் வந்தது. ஆயிரத்துச் சொச்சம் கொடுத்துப் புது டிரைவ் வாங்கி மாட்டினான். அதே பெட்டி. பென்டிரைவில் விண்டோஸை ஏற்றி, கேபினட் பின்னால் நீல நிறத்தில் இருந்த துளையில் செருகினான். அப்போதும் அதே பெட்டி, எழுத்து மாறாமல். காலேஜ் நண்பர்கள் குழுவில் கேட்டான். "ஹார்டு டிஸ்க்ல பார்ட்டிஷன் கெட்டிருக்கும். ஷிஃப்ட், எஃப்10 அழுத்து. கருப்புத் திரை வரும். டிஸ்க்பார்ட் போட்டு, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, கிளீன்னு அடி" என்று ஒருவன் சொன்னான்.

அடிக்கவும் ஆரம்பித்துவிட்டான். பின்னால் நின்றிருந்த அக்கா கேட்டார்: "டேய், கிளீன்னா என்னடா கிளீன் ஆகும்?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் அவன் விரல் நின்றது. 'கிளீன்' என்பது அந்த ஹார்டு டிஸ்க்கில் உள்ள அத்தனை பார்ட்டிஷன்களின் விவரத்தையும் ஒரு நொடியில் அழித்துவிடும் கட்டளை. "நிச்சயமாகவா?" என்றுகூடக் கேட்காது. கணக்கு முழுக்க டி டிரைவில் இருந்தது. வேறெங்கும் நகல் இல்லை. அப்பா அனுப்பிய போட்டோக்களும், அம்மா இருந்தபோது எடுத்த போட்டோக்களும் அதில்தான் இருந்தன.

அக்கா தன் பழைய கம்ப்யூட்டர் சயின்ஸ் டீச்சரை போனில் பிடித்தார். டீச்சர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த முதல் படம் எங்கிருந்து கண்ணு வந்துச்சு?"

ஒரே லாரி, இரண்டு டிரைவர்

நாமக்கல் லாரி கதை தெரிந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். தூர லோடு என்றால் வண்டியில் இரண்டு டிரைவர் போவார்கள். ஒருவர் இறங்க, இன்னொருவர் ஏறுவார். கம்ப்யூட்டரில் ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றும்போதும் இப்படி ஒரு கைமாற்றம் நடக்கிறது.

பவர் பட்டனை அழுத்தியதும் முதலில் வண்டி ஓட்டுவது பயாஸ். மதர்போர்டிலேயே இருக்கும் சின்ன புரோகிராம் அது. டிவிடியையோ பென்டிரைவையோ படிக்கத் தேவையான அடிப்படை வித்தை அதற்குத் தெரியும். டிவிடியிலிருந்து கொஞ்சம் ஃபைல்களை எடுத்து மெமரியில் வைத்துவிட்டு அது இறங்கிக்கொள்ளும். அதன்பின் ஏறுவது விண்டோஸின் இன்ஸ்டாலர். இது பயாஸின் வித்தையைக் கடன் வாங்காது. தன்னிடம் உள்ள டிரைவர் புரோகிராம்களை வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தானே தேடும். டிவிடி இணைந்திருக்கும் சிப்புக்கோ, பென்டிரைவ் செருகிய துளைக்கோ தன்னிடம் டிரைவர் இல்லையென்றால், அந்தச் சாதனமே இன்ஸ்டாலரின் கண்ணுக்குத் தெரியாது.

முதல் படம் பயாஸ் எடுத்துக் கொடுத்தது. அப்படியானால் டிவிடி டிரைவுக்கு உயிர் இருக்கிறது. கேபிளும் பவரும் வேலை செய்கின்றன. இரண்டாவது டிரைவர் ஏறிய பிறகுதான் சிக்கல். டீச்சரின் ஒரு கேள்வி இந்த இரண்டையும் பிரித்துவிட்டது. 'டிரைவர் இல்லை' என்றதை 'டிரைவ் இல்லை' என்று காதில் வாங்கியதற்குத்தான் அந்த ஆயிரத்துச் சொச்சம் செலவு.

மைக்ரோசாஃப்ட்டையும் கொஞ்சம் திட்டலாம். விண்டோஸ் 7-ல் அந்தப் பெட்டி பல காரணங்களுக்கு வருகிறது. டிவிடி சரியாக எழுதப்படாமல் நடுவில் ஒரு ஃபைல் படிக்க வரவில்லை என்றாலும் வரும். பென்டிரைவ் காணாமல் போனாலும் 'சிடி, டிவிடி டிரைவர்' என்றே சொல்லும். டிவிடியே இல்லாத மெஷினில் இதைப் பார்த்தால் யாருக்குத்தான் குழம்பாது? விண்டோஸ் 10-ல் வாசகத்தை மாற்றினார்கள். 'உங்கள் கம்ப்யூட்டருக்குத் தேவையான மீடியா டிரைவர் இல்லை, அது டிவிடி, யுஎஸ்பி அல்லது ஹார்டு டிஸ்க் டிரைவராக இருக்கலாம்' என்று வரும். குழப்பம் ஒன்றும் குறையவில்லை.

இது இன்று நேற்று வந்த வியாதியில்லை

சிடியிலிருந்து நேரடியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் முறையை ஃபீனிக்ஸ், ஐபிஎம் ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து 1995-ல் வகுத்தன. அதன் பெயர் 'எல் டொரிட்டோ'. ஏதோ பெரிய தொழில்நுட்பச் சொல் என்று நினைக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் இருந்த ஒரு ஹோட்டலின் பெயர் அது. முதல் டிரைவருக்கு வழி சொல்லிக் கொடுத்தது இந்த ஏற்பாடுதான். இரண்டாவது டிரைவரைப் பற்றி அது கவலைப்படவில்லை.

அந்தக் கவலை பெரிதாக வெடித்தது 2006-ல். இன்டெல் அந்த ஆண்டு வெளியிட்ட பி965 சிப்செட்டில், பழைய அகலப்பட்டை ஐடிஇ கேபிளுக்கான வசதியை எடுத்துவிட்டார்கள். ஹார்டு டிஸ்க்குகள் அதற்குள் சாட்டா கேபிளுக்கு மாறிவிட்டன. ஆனால், அன்றைக்கு வீடுகளில் இருந்த சிடி, டிவிடி டிரைவ்களில் பெரும்பாலானவை ஐடிஇ. அதனால் மதர்போர்டு கம்பெனிகள் ஜேமைக்ரான், மார்வெல் போன்ற வேறு கம்பெனிகளின் குட்டி சிப் ஒன்றைத் தனியே வைத்து, ஐடிஇ வசதியைத் தந்தன. பயாஸுக்கு அந்தச் சிப் தெரியும். அன்றைய லினக்ஸ் இன்ஸ்டாலர்களில் பலவற்றுக்குத் தெரியாது. சிடியிலிருந்து எழுந்த உபுண்டு, டெபியன் இன்ஸ்டாலர்கள் பாதி வழியில் 'சிடி ராம் டிரைவ் எதுவும் காணவில்லை' என்று நின்றன. உலகம் முழுக்க நல்ல டிரைவ்களைக் கழற்றி வைத்தார்கள். லினக்ஸ் கெர்னலில் அந்தச் சிப்களுக்கு டிரைவர் சேர்ந்த பிறகுதான் பிரச்னை அடங்கியது.

அடுத்த சுற்று 2015-ல். இன்டெல்லின் ஸ்கைலேக் தலைமுறையில், யுஎஸ்பி 2-க்கென்று இருந்த பழைய கட்டுப்பாட்டுப் பகுதியையே நீக்கிவிட்டார்கள். எல்லாத் துளைகளும் யுஎஸ்பி 3 வழியாகத்தான். விண்டோஸ் 7 வெளிவந்தது 2009-ல். அதன் இன்ஸ்டாலரில் யுஎஸ்பி 3-க்கான டிரைவர் கிடையாது. பென்டிரைவ் தெரியவில்லை, யுஎஸ்பி வழியாக மாட்டும் வெளி டிவிடி டிரைவ் தெரியவில்லை. கீபோர்டும் மவுஸும்கூட வேலை செய்யவில்லை! விண்டோஸ் 7 பென்டிரைவில் இந்த டிரைவரைச் சேர்க்கத் தனி புரோகிராமே வெளியிட வேண்டி வந்தது.

திருச்செங்கோட்டுக் கம்ப்யூட்டர் 2013-ஐச் சேர்ந்தது. அதில் கருப்புத் துளை, நீலத் துளை இரண்டும் உண்டு. கருப்பு யுஎஸ்பி 2, நீலம் யுஎஸ்பி 3. தம்பி பென்டிரைவைச் செருகியது நீலத்தில். 'வேகமா ஏறும்னு நெனச்சு' அப்படிச் செய்தானாம்.

தமிழ்நாட்டில் இந்தப் பிரச்னையை வீட்டுக்குள் கொண்டுவந்த இன்னொன்றும் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ம் தேதி, அண்ணா பிறந்தநாளன்று, முதல்வர் ஜெயலலிதா மாணவர்களுக்கான விலையில்லா லேப்டாப் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்தது. அடுத்த சில ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்கள் அரசு முத்திரையோடு வீடுகளுக்குப் போயின. தொடக்க கால லேப்டாப்களில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. ஸ்டார்ட்டரில் வால்பேப்பரைக்கூட மாற்ற முடியாது. அதனால் வேறு விண்டோஸ் போட்டுத் தரச் சொல்லிக் கடைக்குப் போன மாணவர்கள் ஏராளம். பிற்பாடு வந்த மெல்லிய மாடல்களில் டிவிடி டிரைவே கிடையாது. வெளி டிரைவ், பென்டிரைவ் என்று எல்லாமே யுஎஸ்பி துளையை நம்பி நின்றன. அக்காவின் கணக்கும், அந்த மாணவர்களின் புராஜெக்ட்டும் ஒரே சிக்கலில் மாட்டியது அப்படித்தான்.

உங்கள் வீட்டில் நடந்தால்?

முதலில் கேட்க வேண்டியது டீச்சரின் கேள்விதான். டிவிடியிலிருந்து ஏதாவது படம் வந்ததா, வரவே இல்லையா?

வரவே இல்லையென்றால் பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 பட்டனை விடாமல் தட்டினால் பெரும்பாலான மெஷின்களில் திறக்கும். சாதனங்கள் பட்டியலில் டிவிடி டிரைவின் பெயர் இருக்கிறதா? இல்லையென்றால் சந்தேகம் கேபிள் மேல், பிறகு டிரைவ் மேல். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கேபினட்டைத் திறந்தால், டிவிடி டிரைவின் பின்னால் இரண்டு கேபிள் இருக்கும். அகலமானது பவர், ஒடுக்கமானது தகவல் கேபிள். ஒரு சின்ன சோதனை: பட்டனை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, விளக்கும் எரிகிறது, ஆனால் பயாஸில் பெயர் இல்லை என்றால் பவர் சரி, தகவல் கேபிள்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு முனையையும் கழற்றி அழுத்தமாக மாட்டுங்கள். முடிந்தால் மதர்போர்டில் வேறு துளைக்கு மாற்றுங்கள். எலி கடித்த கேபிளைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டாம். மக்காச்சோள மூட்டைக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய.

தட்டு வெளியே வராமல் சிக்கிக்கொண்டால் நெம்ப வேண்டாம். முகப்பில் குண்டூசி அளவு ஓட்டை ஒன்று இருக்கும். பவரை அணைத்துவிட்டு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராக அழுத்தினால் தட்டு கொஞ்சம் நகரும். பிறகு கையால் இழுக்கலாம்.

பள்ளிபாளையம், குமாரபாளையம், இளம்பிள்ளை போன்ற தறி ஊர்களில் இன்னொரு வில்லன் உண்டு. பஞ்சுத் தூசி. கோழிப்பண்ணை ஆபீஸ் என்றால் தீவனத் தூசி. டிவிடி டிரைவின் லென்ஸ் உளுந்து அளவுதான். அதில் தூசி படிந்தால் பயாஸில் பெயர் பளிச்சென்று தெரியும், டிஸ்க் மட்டும் படிக்காது. இன்னொன்றும் கவனியுங்கள். சிடி படிக்க ஒரு லேசர், டிவிடி படிக்க வேறு லேசர். அதனால் பழைய பாட்டு சிடி நன்றாக ஓடுகிறது என்பதை வைத்து டிவிடியும் படிக்கும் என்று சொல்லிவிட முடியாது. அதே டிரைவில் கடையில் வாங்கிய சினிமா டிவிடி ஒன்றைப் போட்டுப் பார்ப்பதுதான் சரியான சோதனை.

பெயர் இருக்கிறது, சினிமா டிவிடியும் ஓடுகிறது, உங்கள் விண்டோஸ் டிவிடி மட்டும் எழவில்லையா? பயாஸில் எதை முதலில் பார்க்க வேண்டும் என்ற வரிசையில் டிவிடியை மேலே கொண்டுவாருங்கள். அதுவும் சரியென்றால் எழுதிய விதம் தப்பு. ஐஎஸ்ஓ ஃபைலை சாதாரண ஃபைல் போல டிவிடிக்குள் காப்பி செய்தால் அது எழாது. 'இமேஜ்' ஆக எழுத வேண்டும்.

இனி நம் திருச்செங்கோட்டு நிலைமை. படம் வந்தது, பிறகு 'டிரைவர் இல்லை' என்றது.

டிவிடி என்றால் முதல் சந்தேகம் அந்த டிஸ்க் மேல்தான். அதிக வேகத்தில் எழுதிய மலிவு டிஸ்க்கில் அங்கங்கே தவறு விழும். ஆரம்பத்தில் உள்ள ஃபைல்கள் படிக்க வரும், நடுவில் ஒன்று வராது. இன்ஸ்டாலர் அதைத்தான் டிரைவர் இல்லை என்று புலம்புகிறது. வேறொரு நல்ல டிஸ்க்கில், இருப்பதிலேயே குறைந்த வேகத்தில் எழுதி, எழுதிய பின் சரிபார்க்கும் வசதியையும் டிக் செய்யுங்கள். அதற்கும் வந்தால் ஐஎஸ்ஓ ஃபைலே பாதியில் கெட்டிருக்கலாம். யாரோ யாரிடமோ வாங்கிய பென்டிரைவிலிருந்து வந்த ஃபைலாக இருந்தால் அந்தச் சந்தேகம் இரட்டிப்பாகட்டும்.

பென்டிரைவ் என்றால் நீலத்திலிருந்து கருப்புக்கு மாற்றுங்கள். இதற்காக முழுக்க முதலிலிருந்து தொடங்கக்கூட வேண்டாம். அந்தப் பெட்டியில் 'கேன்சல்' கொடுத்தால் 'இன்ஸ்டால்' பட்டன் உள்ள பழைய திரைக்கே போகும். அங்கே பென்டிரைவைப் பிடுங்கி வேறு துளையில் செருகிவிட்டு, சில நொடி பொறுத்து, மறுபடி இன்ஸ்டால் கொடுங்கள். பல மெஷின்களில் இதுவே போதும்.

டெஸ்க்டாப்பில் சாட்டா துளைகள் சில வேறு நிறத்தில், தள்ளி இருந்தால் அவை முன்பு சொன்ன குட்டி சிப்பின் துளைகளாக இருக்கலாம். டிவிடி கேபிளை அங்கிருந்து பிரதான வரிசைக்கு மாற்றிப் பாருங்கள். பயாஸில் சாட்டா வகையை ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாற்றச் சொல்லும் யோசனையும் வரும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அது அவசியமாக இருந்தது, எக்ஸ்பிக்கு ஏஹெச்சிஐ தெரியாது. விண்டோஸ் 7-க்குத் தெரியும். மாற்றித்தான் பார்க்க வேண்டுமென்றால், முன்பு எது இருந்தது என்பதை போனில் போட்டோ எடுத்துக்கொண்டு மாற்றுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் இந்த மாற்றத்தால் நீலத் திரையோடு நின்றுவிடக்கூடும். பழையபடி மாற்றினால் வந்துவிடும்.

இந்தப் பெட்டி வந்த நேரத்தில் செய்யவே கூடாத ஒன்று, ஹார்டு டிஸ்க்கை அழிப்பது. காணாமல் போனது டிவிடி. அதற்கு ஹார்டு டிஸ்க் என்ன பாவம் செய்தது?

டீச்சர் அக்காவிடம் முதலில் செய்யச் சொன்னதும் விண்டோஸ் போடும் வேலையை அல்ல. பக்கத்து வீட்டு லேப்டாப்பில் ஒரு லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றச் சொன்னார். இன்றைய லினக்ஸ்களில் பலவற்றை ஹார்டு டிஸ்க்கில் நிறுவாமலேயே பென்டிரைவிலிருந்து ஓட்டலாம். விண்டோஸ் எழாத மெஷினிலும் அதன் ஃபைல்களைத் திறந்து பார்க்கலாம். டி டிரைவ் அப்படியே இருந்தது. கணக்கு ஃபோல்டரையும் போட்டோக்களையும் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றுக்கு நகல் எடுத்தார்கள். அரை மணி நேர வேலை. அதுவரை அக்கா பேசவே இல்லையாம்.

பிறகு விண்டோஸ் 7 பென்டிரைவைக் கருப்புத் துளையில் செருகினான் தம்பி. பெட்டி வரவில்லை. எந்த பார்ட்டிஷனில் போட வேண்டும் என்று கேட்கும் திரை வந்தது. அந்தத் திரையில் ஒரு பொறி இருக்கிறது. சி, டி என்ற எழுத்துகள் அங்கே தெரியாது. 'டிஸ்க் 0 பார்ட்டிஷன் 2' என்று எண்ணும் அளவும்தான் இருக்கும். எது எத்தனை ஜிபி என்று முன்கூட்டியே குறித்து வைத்திருந்தால்தான் கை நடுங்காது. பழைய விண்டோஸ் இருந்த பார்ட்டிஷனை ஃபார்மேட் செய்யாமல் அதிலேயே போட்டால், பழைய டெஸ்க்டாப்பிலும் டாக்குமென்ட்ஸிலும் இருந்தவை 'விண்டோஸ் ஓல்டு' என்ற ஃபோல்டருக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். இதை நம்பி நகல் எடுக்காமல் இருந்துவிட வேண்டாம். போட்டு முடித்ததும் கேட்கும் 25 எழுத்துச் சாவி, கேபினட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். அது மங்கிப்போவதற்குள் ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

ஒரு எச்சரிக்கை. விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்பு அப்டேட்டுகள் கொடுப்பதை மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய சாஃப்ட்வேருக்காக வைத்திருப்பவர்கள் அதில் நெட்டை இணைக்காமல் இருப்பதே பத்திரம். பேங்க் வேலையெல்லாம் அதில் வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய மெஷின்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்காது என்பதால், லினக்ஸோ வேறு ஏதோ போடலாம் என்று இப்போது நிறைய வீடுகளில் டிவிடியைத் தேடுகிறார்கள். சாதாரண டிவிடியில் 4.7 ஜிபிதான் பிடிக்கும். விண்டோஸ் 11-ன் ஐஎஸ்ஓ அதில் அடங்காது. ஆகவே இந்தப் பெட்டியை இனி பார்க்கப்போகிறவர்களில் அதிகம் பேர் கையில் இருக்கப்போவது பென்டிரைவ்தான்.

திருச்செங்கோட்டு வீட்டில் அன்று இரவே கணக்கு சாஃப்ட்வேர் திறந்தது. மறுநாள் தம்பிக்கு மனசு கேட்கவில்லை. கழற்றி வைத்த பழைய டிவிடி டிரைவைத் திரும்ப மாட்டி, மெதுவாக எழுதிய புது டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தான். கடைசி திரை வரைக்கும் போனது. "இது நல்லாத்தான் இருந்திருக்குதுக்கா" என்றான். புது டிரைவைக் கடையில் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அது இப்போது அட்டைப்பெட்டியோடு பரணில் இருக்கிறது.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்பு வண்டி வந்தது. டாட் மேட்ரிக்ஸ் பிரின்டர் அரை மணி நேரம் கத்தியது. ஆட்கள் வாசலில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு தாளை வாங்கி, அடிக்கணக்கைச் சரிபார்த்தார்கள். ஒருவர் மட்டும் ஆகஸ்ட் மாத முன்பணத்தில் 500 ரூபாய் கூடுதலாக இருப்பதாகச் சொன்னார். அக்கா திரையில் தேடிப் பார்த்தார். அவர் சொன்னது சரிதான்.